சுவருக்கு அப்பால் விழுந்த விக்கெட்

சென்ற வருடம் என் மனைவியின் தமையனாரை நான் ஏமாற்றினேன். கிரிக்கெட் விஷயத்தில் ஏமாற்றினேன். அவர் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டே சனி, ஞாயிறுகளில் பாடசாலை ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர். பாதி ஆயுளை வெயிலில் வெள்ளைக் கோட்டோடு கழித்த மனிதரைக் கிரிக்கெட்டில் ஏமாற்றுவது சின்ன விஷயமல்ல. இதை எழுத அவருடைய அனுமதி எனக்கு உண்டு. பெயர் மட்டும் போடக்கூடாது என்றார். "போட்டீர் எண்டால் நான் அவுட் குடுத்த பழைய பெடியள் எல்லாரும் சிரிப்பாங்கள்" என்பது அவர் சொன்ன காரணம்.

நான் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரங்களோடு வேலை செய்து ஓய்வுபெற்ற பொறியியலாளன். ஓய்வுக்குப் பிறகு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குச் சமீபமான ஒரு தொடர்மாடியில் மனைவியோடு இருந்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில். பின்னேரம் யன்னலைத் திறந்துவிட்டால் கடற்காற்று வீடு முழுக்க வரும். அந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில், கையடக்கக் கருவிகளுக்கென்றே டிஜிட்டல் தொலைக்காட்சியை ஒளிபரப்பிப் பார்க்கும் ஒரு பரீட்சார்த்த முயற்சி கொழும்பில் நடந்தது. நடத்தியவர்களில் ஒருவர் முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்தவர். "சேர், வீட்டில சும்மாதானே இருக்கிறீங்கள்? இதைக் கொண்டு திரிஞ்சு, எங்க படம் வருது எங்க வரேல்லை எண்டு பாத்துச் சொல்லுங்கோவன்" என்று ஒரு கருவியைத் தந்துவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்கும் சாமான். பார்த்தால் கைபேசி போல இருக்கும், ஆனால் சிம் கிடையாது. பக்கத்தில் இழுத்தால் நீளும் மெல்லிய ஏரியல் கம்பி ஒன்று உண்டு.

கைபேசியில் இணையத்தின் ஊடாகப் பார்ப்பதும் இதுவும் ஒன்றா என்று பலரும் என்னைக் கேட்டார்கள். ஒன்றல்ல. இணையம் குழாய்த் தண்ணீர். ஆளுக்கொரு குழாய் திறக்க வேண்டும், திறப்பவர்கள் கூடினால் எல்லோருக்கும் குறையும். இது கோபுரத்திலிருந்து பெய்கிற மழை. ஒருவர் நனைந்தாலும் ஊரே நனைந்தாலும் மழைக்கு ஒரே செலவுதான். இந்த உவமையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது மிகவும் பிடித்துப்போயிருந்தது.

கருவியோடு ரயிலில் போனேன், பஸ்ஸில் போனேன், சந்தைக்குப் போனேன். கடலோரமாக ரயில் போகும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் பஸ் நுழைந்ததும் செய்தி வாசிக்கும் பெண் வாயைத் திறந்தபடி உறைந்துபோவாள். பழைய காலத்துத் தொலைக்காட்சியில் சமிக்ஞை பலவீனமானால் படம் மங்கும், நிழல் விழும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. முழுதாக வரும், அல்லது ஒன்றும் வராது.

குறுகிய தெருக்களில் எப்படி என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்குக் கொட்டாஞ்சேனையை விட நல்ல இடம் எது? மச்சான் அங்கேதான் இருந்தார், என் மனைவி பிறந்து வளர்ந்த வீட்டில், தனியாக.

அது வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. மேலே காற்றுக்காக விட்ட இடைவெளி உண்டு. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் இந்த வீட்டில் பசிக்கும். மச்சானுடைய மனைவி காலமாகிச் சில வருடங்கள். பிள்ளைகள் கனடாவில். காது சரியாகக் கேளாது. வாங்கிக் கொடுத்த செவிப்புலன் கருவியை அலுமாரிக்குள் வைத்திருந்தார். "அதைப் போட்டால் நான் சப்புற சத்தம்தான் எனக்குப் பெரிசாக் கேக்குது" என்பார்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவர் மாடிப்படியில் விழுந்தார். எழும்ப முடியாமல் கிடந்தவர் சுவரில் தட்டித் தட்டிக் கூப்பிட, பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் கேட்டு ஓடிவந்துதான் தூக்கினாள். எலும்பு உடையவில்லை. ஆனால் அன்றையிலிருந்து என் மனைவிக்கு நித்திரை இல்லை. தொலைபேசி அடித்தால் முகம் வெளிறிவிடும். "அண்ணை, எங்களோட வந்து இருங்கோ" என்று அவள் கெஞ்சாத நாள் இல்லை. அவர் பகிடியாகவே தட்டிக்கழிப்பார்.

"கடலுக்குப் பக்கத்திலயோ? நான் பழைய இரும்பு, பிள்ளை. ஒரு மாதத்தில துருப்பிடிச்சிடுவன்."

இப்படி இருக்கும்போதுதான் நான் கருவியைக் கொண்டுபோனேன். அன்று இலங்கை அணியின் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கூடத்துக் கட்டிலில் இருவரும் அமர்ந்தோம். கருவியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, ஏரியலை நீட்டினேன். படம் வந்தது. மச்சான் குழந்தை மாதிரி குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு சின்னதுக்குள்ள புல்லெல்லாம் தெரியுதடாப்பா!"

பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கினார். அதே கணம் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர்கள் "அவுட்! அவுட்!" என்று கத்தினார்கள். நான் யோசிக்காமல், "போச்சு, அவுட்" என்றேன்.

"என்ன காணும் அவுட்? அவன் இன்னும் பந்தே போடேல்லை."

பந்து வந்தது. விக்கெட் சரிந்தது.

எனக்கு விஷயம் உடனே விளங்கியது. பக்கத்து வீட்டில் கூரை ஏரியல் பூட்டிய பழைய தொலைக்காட்சி, அதில் படம் உடனுக்குடன் வந்துவிடும். எங்கள் கையிலிருந்ததோ டிஜிட்டல். அதில் படத்தைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்கள். கருவி ஒரு பொட்டலத்தை வாங்கி, பற்றரியை மிச்சம் பிடிக்கச் சற்றுக் கண்ணயர்ந்து, அடுத்ததை வாங்கி, பிழை திருத்தி, பிரித்துக் காட்டும். இதற்குச் சில நொடிகள் போகும். பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து, அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் அது விழும். இதெல்லாம் எனக்குத் தொழில். அவருக்கோ சுவருக்கு அப்பால் நடந்த கூச்சலே கேட்கவில்லை.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பொறும், பொறும். அவன்ர தோள். ஓடி வரேக்க இடது தோள் முந்தியே விழுந்தது. நானும் கண்டனான். ஆனா அதை வைச்சு அவுட் எண்டு சொல்ல எனக்குத் தைரியம் வராது. நீர் தோளைத்தானே பாத்தனீர்?"

"ஓம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். பிறகு சொன்னதெல்லாம் அதற்கு வாலாக வந்தது.

பள்ளிக்கூட நாளில் நான் ஒரு பந்தையும் ஒழுங்காகப் பிடித்தவன் அல்ல. அணி பிரிக்கும்போது கடைசியாக எடுக்கப்படுகிறவன். அப்படிப்பட்ட என்னை ஒரு நடுவர், வாயடைத்துப்போய்ப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஆட்டத்துக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். சுவருக்கு அப்பால் சிங்களத்தில் "ஹதரக்!" என்று கேட்டால் "நாலு" என்பேன். "ஹயக்!" என்று கேட்டால் "ஆறு, பாரும்" என்பேன். அங்கே சத்தம் இல்லாவிட்டால் "இந்தப் பந்தில ஒண்டுமில்லை" என்று சலிப்பாகச் சொல்வேன். சத்தத்தைக் கவனிப்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வேன். நான் தியானிக்கிறேன் என்று அவர் நினைத்தார்.

ஒருநாள் அவரே தொடக்கினார்.

"அடுத்த ஓவரில மூண்டு பந்தைச் சரியாச் சொல்லும் பாப்பம்."

"சொன்னால்?"

"சொன்னால் நீர் கேக்கிறது தாறன். என்னட்ட என்ன கிடக்கு, இந்தக் கட்டிலும் நானும்தான்."

"அப்ப நீர் வெள்ளவத்தைக்கு வந்து எங்களோட இரும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வலது கையின் சுட்டுவிரலை நிமிர்த்தி உயர்த்தினார்.

"சரி. அம்பயர் விரலைத் தூக்கினால் தூக்கினதுதான். பிறகு பவிலியனில நிண்டு அழுதாலும் இறக்கிறேல்லை."

மூன்று பந்துகளையும் சொன்னேன். ஒரு நாலு, ஒரு வெறும் பந்து, ஒரு ஆறு. மூன்றாவது பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. அவர் கட்டிலிலிருந்து எழுந்து, யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை.

அவர் வந்தார். என் மனைவி அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு அசையாமல் நித்திரை கொண்டாள். நான் நல்ல காரியம் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நாட்கள் நன்றாகவே போயின. காலையில் இடியப்பமும் சொதியும். அவரும் அவளும் செத்துப்போன உறவினர்களைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள். லிப்டில் ஏறும்போது மட்டும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். சாப்பாட்டுக்குப் பிறகு, கதவடியில் போய் நின்று, எங்கே போக வந்தோம் என்று தெரியாதவர் போலத் திரும்பி வருவார். அதைக் கண்டும் நான் கேட்கவில்லை.

பின்னேரங்களில் நாங்கள் ரயில் பாதையைத் தாண்டிக் கடலோரக் கற்களில் போய் இருப்போம். அங்கே ஓய்வுபெற்ற ஆட்கள் சிலர் கூடுவார்கள். மச்சான் அவர்களோடு சுலபமாக ஒட்டிக்கொண்டார். ஒட்டிக்கொண்டதோடு நிற்காமல் என் புகழையும் பரப்பினார். "என்ர மச்சான் பவுலரின்ர தோளைப் பாத்தே சொல்லுவார், என்ன நடக்கப்போகுதெண்டு. நான் கண்ணால கண்டனான்."

ஒருநாள், ஆட்டம் நடக்கும் நேரத்தில் அவர்கள் என்னை விடவில்லை. கருவியைக் கல்லின் மேல் வைத்தார்கள். கடல்வெளியில் தடையே இல்லை, படம் அவ்வளவு துல்லியம். ஆனால் சுவர் இல்லை. சுவருக்கு அப்பால் ஆளும் இல்லை. அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

நாலு என்றேன். துடுப்பாட்டக்காரர் பந்தைத் தொடாமல் விட்டார். ஒன்றுமில்லை என்றேன். பந்து ரசிகர்களுக்கு நடுவில் போய் விழுந்தது. மூன்றாவதும் பிழை, நாலாவதும் பிழை. முன்பு வங்கியில் இருந்த ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஐயா, நீங்கள் தொடர்ந்து சொல்லுங்கோ. நான் எதிர்மாறாப் பந்தயம் கட்டினாலே பணக்காரன்."

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். மச்சான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். வேட்டி காற்றில் படபடத்தது.

"இது கடல் காத்து. கண்ணுக்குள்ள உப்பு. கொட்டாஞ்சேனையில பாத்திருக்க வேணும் நீங்கள். நான் அம்பயரா நிண்ட காலத்தில ஒருத்தனும் என்னைப் பொய்யன் எண்டு சொன்னதில்லை. நான் சொல்லுறன், இவருக்கு அது தெரியும்."

சிரிப்பு அடங்கிப்போனது. தன் பெயரை எடுத்து எனக்கு முட்டுக்கொடுத்தார் அவர். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது தண்டவாளத்தைக் கடக்க என் கையைப் பிடித்திருந்தார். "பறவாயில்லை. காத்தில்லாத நாளாப் பாத்து அவையளுக்குக் காட்டுவம்" என்றார். எங்கள் தொடர்மாடிக்குப் போகும் ஒழுங்கை வாசலில் நின்றேன்.

"மச்சான், நான் தோளைப் பாக்கேல்லை."

"என்ன?"

"தோளைப் பாக்கேல்லை. பக்கத்து வீட்டு ரி.வி.யைக் கேட்டனான்."

"யாரைக் கேட்டனீர்?"

காது கேளாதவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கத்த வேண்டியிருந்தது. "பக்கத்து வீட்டு ரி.வி.! அது முந்தி வரும்! எங்கட படம் பிந்தி வரும்! அவங்கள் கத்தினதைக் கேட்டு நான் சொன்னனான்!" கொத்துரொட்டிக் கடைக்காரன் தகரத்தில் கொத்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

மச்சான் கடைக்காரனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நேரடி எண்டு படத்தின்ர மூலையில போட்டிருந்துதே" என்றார்.

"நேரடிதான். ஆனா வந்து சேரச் சில நொடி பிந்தும்."

"அப்ப ஆருக்குத்தான் அது நேரடி?"

"மைதானத்தில நிக்கிறவனுக்கு மட்டும்தான்."

"நான் மைதானத்தில நிண்டவன்" என்றார். என் கையை விட்டுவிட்டு, தனியாக ஒழுங்கைக்குள் நடந்தார்.

இரவு அவர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார். அவர் படுத்த பிறகு மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அண்ணைக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். அவள் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"பொய் சொல்லியோ அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஓம்."

"அந்த மனுசன் வாழ்க்கையில ஒருக்காவும் கள்ளத் தீர்ப்புக் குடுக்காதவர்." சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அதை ஏன் இப்ப போய்ச் சொன்னனீங்கள்?" என்றாள். இரண்டையும் அவள் மனதாரத்தான் சொன்னாள்.

காலையில் அவர் சேர்ட் போட்டு, பையைக் கதவடியில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். காதில் செவிப்புலன் கருவி இருந்தது.

"இனி எனக்கு எல்லாம் கேக்க வேணும்" என்றார் என்னைப் பார்த்து. "பிழையான சாட்சியில குடுத்த தீர்ப்பு அது. நான் விரலை இறக்கிறன்."

"திரும்பவும் விழுந்தால்?"

"விழுந்தால் என்ர வீட்டில விழுறன்."

அப்போதுதான் என் மனைவி குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அது என்ர வீடும்தான் அண்ணை. நான் பிறந்த வீடு. நானும் வாறன்." என் பக்கம் திரும்பி, "நீங்கள் வேணுமெண்டால் இஞ்ச இருந்து கடலைப் பாருங்கோ" என்றாள்.

இவ்வளவு காலமும் இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். விடை வெட்கமானது. எனக்கு அந்தத் தொடர்மாடி பிடித்திருந்தது. லிப்டும் காற்றும் பழகியிருந்தன. நாங்கள் அவரிடம் போவது என்பது என் மனதில் ஒரு வழியாகவே தோன்றவில்லை. என் வீட்டை விட மனமில்லாததால் அவரை அவருடைய வீட்டிலிருந்து கிளப்பினேன். தோள், சுவர், நொடி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அவருடைய பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

"நானும் வரலாமோ?" என்று மச்சானைக் கேட்டேன்.

அவர் யோசித்தார். "முதல்ல கடற்கரைக்குப் போய் அவையளிட்ட உள்ளதைச் சொல்லும். நான் உமக்காகச் சொன்ன சொல்லுக் கிடக்கு அங்க. பிறகு வாரும். ஆனா நான் கீழ் அறை. நீர்தான் மாடிப்படி ஏற வேணும்."

போய்ச் சொன்னேன். வங்கிக்காரர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். பிறகு, "உங்கட மச்சான் நல்ல மனுசன். அவர் வராமல் எங்களுக்குப் பொழுது போகாது" என்றார். அதையும் கொண்டுபோய் மச்சானிடம் சேர்த்தேன்.

இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். பரீட்சார்த்த ஒளிபரப்பு முடிந்து, கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொடுக்கும்போது அந்தச் சில நொடித் தாமதத்தைப் பற்றி எச்சரித்தேன். "அது எங்களுக்குத் தெரியும் சேர், அதால ஆருக்கு என்ன நட்டம்?" என்றார் கருவியைத் தந்தவர். காலையில் கோயில் மணியும் மாதா கோயில் மணியும் லொறிச் சத்தமும் ஒன்றாக வரும். மனைவி மீன்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, மலிவாக வாங்கிவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவாள். நுளம்புக் கடி கூடுதல், காற்றுக் குறைவு. ஆனாலும் நான் எதிர்பார்த்ததை விட நன்றாக இருக்கிறேன். மச்சானுக்கு இப்போது எல்லாம் கேட்கிறது. நான் மேலே குறட்டை விடுவது கீழே கேட்கிறதாம்.

என்னை மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. சென்ற கிழமை குளியலறை வாசலில் அவருக்குக் கால் வழுக்கியது. துவாயோடு அவருக்குப் பின்னால் நான் நின்றதால் இடுப்பில் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக ஈரத் தரையில் பொத்தென்று இருந்துவிட்டோம். அடி ஒன்றுமில்லை. வாளி மட்டும் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"அங்க என்ன சத்தம்?" என்று மனைவி குசினியிலிருந்து கத்தினாள். குரலில் பழைய பயம் இருந்தது.

மச்சான் என் தோளைப் பிடித்து மூச்சு வாங்கினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"ஒண்டுமில்லை பிள்ளை. உன்ர மனுசனுக்குக் கால் வழுக்கிப்போச்சு. நான் பிடிச்சிட்டன்."

"கண்ணைத் திறந்து நடக்கச் சொல்லுங்கோ அந்த மனுசனை!" என்றாள் அவள்.

நான் மறுக்கவில்லை. அவர் மூச்சு ஒழுங்காகும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன்.